அமெரிக்க விளையாட்டு டிவிக்கு ராக் எழுதப் போன கதை

சினிமாவுக்கு வாசிக்காமல், கச்சேரிக்கும் போகாமல், வீட்டில் ஒரு அறையில் உட்கார்ந்து ராக் இசை எழுதி அமெரிக்க விளையாட்டு சேனல்களுக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புங்கள், அது உண்மைதான். ஆனால் சொல்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னிடமும் அதோடுதான் நிறுத்தினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவாகியிருக்கிறது, வந்தது அதில் கால் பங்குகூட இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் எழுதியதிலேயே நல்ல ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரிகள்) சில இன்றைக்கு யாரோ ஒருவருடைய சர்வரில் தூங்குகின்றன. கிட்டார் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் இன்னொருவர் இந்த வழியில் இறங்குவதற்கு முன்னால் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொழில் இப்படி நடக்கிறது. டிவிக்காரர்கள் ஒவ்வொரு புரோமோவுக்கும் இசையமைப்பாளரைத் தேடிப் போவதில்லை. லைப்ரரி என்று சொல்லப்படும் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் டிராக் வைத்திருக்கும், எடிட்டர் அதில் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வார். இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ‘மண்டே நைட் ஃபுட்பால்’ என்றதும் அமெரிக்கர்களுக்கு ஞாபகம் வருகிற அந்தப் பிராஸ் இசையே, ஜானி பியர்சன் என்ற ஆங்கிலேயர் லண்டனில் கேபிஎம் லைப்ரரிக்காக எழுதியதுதான். லைப்ரரிகளுக்குச் சரக்கு வேண்டும்போது ‘பிரீஃப்’ வெளியிடுவார்கள். நான் பார்த்த முதல் பிரீஃப் கிட்டத்தட்ட இப்படி இருந்தது: விளையாட்டு டிவிக்கு ராக் இன்ஸ்ட்ருமென்டல் வேண்டும், குரல் வேண்டாம், டெம்போ நிமிடத்துக்கு 120 அடிக்கு மேல், அழுத்தமான கிட்டார், ஸ்டேடியம் அதிர்கிற டிரம்ஸ். படித்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கல்லூரி நாளிலிருந்து ஐஐடி மெட்ராஸின் கலைவிழாவான சாரங் மேடைக்காக நாங்கள் உருட்டிக்கொண்டிருந்தது இதைத்தானே?

பிரீஃப்களைப் பார்ப்பதற்கே காசு. லைப்ரரிகளின் பிரீஃப்களை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன், அங்கே வருடச் சந்தா இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தொட்டது. அனுப்பும் ஒவ்வொரு டிராக்குக்கும் தனிக் கட்டணம் வேறு. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். வாங்கிய காசுக்கு ஆள் வைத்துக் கேட்டு, ஏன் தேறவில்லை என்று நான்கு வரி எழுதி அனுப்பினார்கள். அந்த நான்கு வரிகள் பின்னால் உதவின. ஆனால் டிராக் ஒன்றும் கையில் இல்லாமல், பிரீஃப் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சந்தா கட்டாதீர்கள். வருடம் ஓடிவிடும். குறைந்தது ஒரு டஜன் டிராக்காவது முழுசாக முடித்து, மிக்ஸ் செய்து வைத்துக்கொண்டு அப்புறம் கட்டுங்கள். இன்னொன்று, கெடு அவர்கள் ஊர் நேரத்தில் இருக்கும். கலிஃபோர்னியாவில் மதியம் 12 என்றால் நமக்குக் கோடையில் நள்ளிரவு 12.30, நவம்பர் பிறந்து அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 1.30. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்து அனுப்பிவிட்டு, காலை ஆறரைக்கு முதல் மாணவனுக்கு ஜி மேஜர் சொல்லிக்கொடுப்பேன். உடம்பு கெட்டது. அதற்குக் கணக்கு எழுதவில்லை.

முதல் வருடம் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. பதில்களில் ஒரே விஷயம் வேறு வேறு வார்த்தைகளில் இருந்தது: நன்றாக வாசித்திருக்கிறீர்கள், ஆனால் விளையாட்டு டிவிக்கு ஆகாது. இது என்ன பதில்? நன்றாக இருந்தால் ஏன் ஆகாது? இரண்டு நாள் கிட்டாரைத் தொடவே பிடிக்காது. மனைவி, “ஆறு மாசம் இதை விட்டுட்டுப் பாருங்களேன்” என்றாள். கோபம் வந்தது, அவளிடம் காட்ட முடியாத கோபம்.

விளங்க வைத்தது ஒரு நண்பன். கல்லூரியில் எங்கள் பேண்டில் பேஸ் வாசித்தவன், இப்போது விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு எடிட்டர். என் டிராக் ஒன்றைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். ஒரு கபடி புரோமோவின் டைம்லைனில் அதை இழுத்துப் போட்டான். என் டிராக்கில் முதல் இருபது விநாடி மெதுவாக எழுந்து வரும் கிட்டார் ஒலி, நான் ரொம்பவே ரசித்துச் செய்தது. பிளேடு டூலை எடுத்து அதை அப்படியே வெட்டித் தூக்கினான். “இது எனக்கு வேண்டாம்டா.” அடுத்து ரிஃப். ஏழு விநாடி ஓடியதும் ரைடர் கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு நிறுத்தம் தேடினான். என் டிராக்கில் நிறுத்தமே இல்லை, டிரம்ஸ் மூச்சு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். பிறகு கமெண்டரியைச் சேர்த்தான். லீடு கிட்டார் அதன் மேல் ஏறி நின்றது. “லீடு நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா அவர் பேசுறப்ப நீ எதுக்குடா பேசுற?” கடைசியாக முடிவைத் தேடினான். நான் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் முடித்திருந்தேன். புரோமோ சேனல் லோகோவில் முடிகிறது, லோகோ விழும்போது ‘டம்’ என்று ஒரு அடி வேண்டும். இல்லை. என் டிராக்கைத் தூக்கிவிட்டு வேறு ஏதோ லைப்ரரி டிராக்கைப் போட்டான். கேட்க அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. பத்து நிமிஷத்தில் புரோமோ முடிந்துவிட்டது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து எழுதும் முறையையே மாற்றினேன். யாரும் உட்கார்ந்து கேட்கப்போகிற இசை அல்ல இது, எடிட்டர் வெட்டப்போகிற இசை. அதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். முதல் விநாடியிலேயே அடி விழ வேண்டும். எட்டு பாருக்கு (பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு சுற்று) ஒரு முறை அரை பாரோ ஒரு பாரோ நிறுத்தம், அல்லது டிரம்ஸ் மட்டும் உருளும் ஒரு இடம், அங்கேதான் எடிட்டர் கத்தியை வைப்பார். டெம்போ நடுவில் மாறக் கூடாது, சுருதியும் மாறக் கூடாது. மூன்றாவது பாரிலிருந்து முப்பதாவது பாருக்குத் தாவினாலும் ஒட்ட வேண்டும். ராக் கிட்டாரில் இரண்டே ஸ்வரத்தைச் சேர்த்து அடிக்கும் பவர் கார்டில் மேஜரா மைனரா என்று சொல்லும் மூன்றாம் ஸ்வரம் கிடையாது என்பது இதற்கு ரொம்ப வசதி. ஜெயித்த காட்சிக்கும் பொருந்தும், அடிபட்டு விழுந்த காட்சிக்கும் பொருந்தும். ரிஃப் என்பது இங்கே ராகமாக இருப்பதைவிடத் தாளமாக இருப்பது நல்லது. நான் டிராப் டி-யில், அதாவது மிகத் தாழ்ந்த கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கி, அந்தக் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும் இரண்டு மூன்று ஸ்வர ரிஃப்களுக்கு இறங்கி வந்தேன். இறங்கி வந்தேன் என்று எழுதுகிறேன், ஆனால் இரண்டு ஸ்வரத்தில் சலிக்காத ரிஃப் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

பேச்சு தெளிவாகப் புரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி காலியாக இருக்க வேண்டும். டிஸ்டார்ஷன் கிட்டாரும் அங்கேயேதான் குடியிருக்கிறது. அதனால் ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளுவது. காப்பி செய்து ஒட்டினால் அகலம் வராது, நிஜமாகவே இரண்டு முறை வாசிக்க வேண்டும். நடுவில் கிக், ஸ்னேர், பேஸ் மட்டும். வர்ணனையாளர் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வார். லீடு ஆசை விடவில்லையா? லீடு உள்ள மிக்ஸ் ஒன்று, இல்லாத மிக்ஸ் ஒன்று என்று இரண்டாகக் கொடுங்கள். எடுக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

டெம்போவை இஷ்டத்துக்கு வைக்காமல் கணக்குப் போட்டு வைத்தால் வேலை பாதியாகும். ஒரு முழு டிராக்கோடு 60, 30, 15 விநாடி வெட்டுகளும் கேட்பார்கள். 128-ல் 16 பார் மிகச் சரியாக 30 விநாடி. கேட்க அழகான கணக்கு, ஆனால் கடைசி அடி ரீங்கரிக்க இடம் இருக்காது. 136-ல் 16 பார் சுமார் 28.2 விநாடியில் முடிந்து, கடைசி கார்டு ஒலித்து அடங்க ஒன்றேமுக்கால் விநாடி கிடைக்கும். என் டிராக்குகளில் பாதிக்கு மேல் 136-ல் இருப்பதற்கு இதுதான் காரணம், கலைநயம் ஒன்றுமில்லை. சாம்பிள் ரேட் ஆரம்பத்திலேயே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், டிவிக்கு அதுதான். டிரம்ஸ், பேஸ், கிட்டார், மற்றவை என்று ஸ்டெம்களை, அதாவது வாத்தியப் பிரிவுக்கு ஒரு கோப்பாக, தனித்தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்பார்கள், அப்போது பழைய பிளக்கின் (ஒலி மென்பொருள்) திறக்காது. எனக்குத் திறக்கவில்லை.

நம் ஊர் விஷயம் ஒன்று. எங்கள் ஃபிளாட்டில் எர்த்திங் சரியில்லை. இரைச்சலைச் சீக்கிரம் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரை டிஸ்டார்ஷனில் வைத்தால் இன்வெர்ட்டர் பாடுவது கிட்டாருக்கு மேல் கேட்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள், ஃபில்டர் என்று எதை எதையோ வாங்கிப் போட்டு ஏழெட்டாயிரம் போனது. கடைசியில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லி, இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாருக்கு மாறியதும் தீர்ந்தது. எட்டு பாருக்கு ஒரு முறை நிறுத்தம் வைக்கிற இசையில் அந்த நிறுத்தத்தில் ‘ம்ம்ம்’ என்று சத்தம் வந்தால் டிராக் அங்கேயே செத்துவிடும், அதனால்தான் சொல்கிறேன். கடற்கரைக் காற்றில் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ரெக்கார்டிங் அன்று புதுக் கம்பி.

அவசரத்துக்கு வெளியே கிடைக்கும் ரெடிமேட் லூப்களைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. சட்டப்படி வாங்கியதுதானே என்பார்கள். அதே லூப்பை உலகத்தில் இன்னும் எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை யாருடைய இசை என்று தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் போட்டிருந்தால், உங்கள் டிராக் ஓடும் விளையாட்டு கிளிப்புக்கு உரிமைக் கோரிக்கை வரும். சேனல் லைப்ரரியைக் கேட்கும், லைப்ரரி உங்களைக் கேட்கும். ‘எல்லாம் என் சொந்தச் சரக்கு’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள். டிரம்ஸை ஒவ்வொரு அடியாக நீங்களே புரோகிராம் செய்வது மேல்.

எழுதும் முறை மாறியதும் டிராக்குகள் தேறத் தொடங்கின. ஒரு லைப்ரரி மொத்தமாக ஒரு ஆல்பம் கேட்டது, அமெரிக்க ஃபுட்பால் சீசனுக்கு. செப்டம்பரில் ஆட்டம் தொடங்குகிறது என்றால் லைப்ரரிகளுக்கு இசை அதற்குச் சில மாதம் முன்பே போய்விட வேண்டும். நம் கோடை விடுமுறையில் எழுதினால்தான் உண்டு. வகுப்புகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு எழுதினேன். மிக்ஸுக்கும் மாஸ்டரிங்குக்கும் வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் அறுபதாயிரம் கொடுத்தேன். ஒப்பந்தம் வந்தது, பதினொரு பக்கம். முன்பணம் இல்லை. ராயல்டியில் எழுதியவர் பங்கு முழுக்க எனக்கு, பப்ளிஷர் பங்கு முழுக்க அவர்களுக்கு. இது இந்தத் தொழிலில் வழக்கமான பிரிப்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உரிமை எவ்வளவு காலத்துக்கு என்ற இடத்தில்தான் விஷயம்: உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் வரை, திருப்பித் தரும் ஷரத்து கிடையாது.

ஆறேழு மாதத்தில் அந்த லைப்ரரியைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. என்னோடு பேசிக்கொண்டிருந்தவரின் மின்னஞ்சல் முகவரி செயலிழந்தது. புதியவர்களின் தேடல் பக்கத்தில் என் ஆல்பம் ஏறவே இல்லை. ஏறாத டிராக்கை எந்த எடிட்டரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். ஒப்பந்தம் செல்லும் என்று இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 19(5) பிரிவு ஒன்று இருக்கிறது. எவ்வளவு காலம் என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தெரிந்த வக்கீலிடம் ஓடினேன். “சார், இதில்தான் காலம் எழுதியிருக்கே. அதுவும் அமெரிக்கச் சட்டப்படி, அவங்க ஊர்க் கோர்ட்டுன்னு போட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு ஃபீஸ்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதனால், எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் (வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது) என்றால் முதலில் தேட வேண்டியது திருப்பித் தரும் ஷரத்து. இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குள் எங்கேயும் பயன்படவில்லை என்றால் நான் எழுதிக் கேட்டால் உரிமை திரும்ப வேண்டும் என்று ஒரு வரி. இல்லையென்றால் கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது, அதற்குப் பிறகு மூன்று இடங்களில் கேட்டதில் இரண்டு இடத்தில் சேர்த்தார்கள். நிறுவனம் கைமாறினால் என்ன என்பதையும் கேளுங்கள். முன்பணமே தராமல் ஆயுளுக்கும் கேட்பவரிடம் சிறந்த டிராக்கைக் கொடுக்காதீர்கள், இரண்டாம் தரத்தைக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். எக்ஸ்க்ளூசிவ் இல்லாத லைப்ரரிகளும் உண்டு, அங்கே அதே டிராக்கை இன்னொருவரிடமும் வைக்கலாம். ஆனால் பெரிய விளையாட்டு சேனல்கள் பல, சிக்கல் வேண்டாம் என்று எக்ஸ்க்ளூசிவ் சரக்கையே விரும்புகின்றன. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பதே இப்போதைக்கு என் வழி.

பணம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாருமே சொல்வதில்லை. டிவியில் இசை ஓடினால் தயாரிப்பாளர்கள் கியூ ஷீட் என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். டிராக் பெயர், எழுதியவர், பப்ளிஷர், எத்தனை விநாடி, பின்னணியா முன்னணியா என்று. அது அமெரிக்காவின் ஏஎஸ்சிஏபி, பிஎம்ஐ போன்ற சங்கங்களுக்குப் போகும். அங்கிருந்து நம் ஊர் இசை உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ், அங்கிருந்து நமக்கு. ஒளிபரப்பான நாளிலிருந்து கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேபிள் சேனலில் பின்னணியில் பத்து விநாடி என்றால் ஒரு வரிக்குச் சில்லறைதான், டீ குடிக்கலாம். தேசிய நெட்வொர்க், நேரடி ஒளிபரப்பு என்றால்தான் தொகை கண்ணுக்குத் தெரியும். சில சேனல்கள் லைப்ரரியிடம் ஒரே தொகை கொடுத்துவிட்டு, ஒளிபரப்பு ராயல்டியே கிடையாது என்று நேரடி உரிமம் வாங்கிக்கொள்ளும். அந்தத் தொகையில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனித் தலைவலி. எனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஐபிஆர்எஸ்-இல் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டிருந்தேன். பான் கார்டில் அப்பா பெயர் முன்னால். வங்கியில் வெறும் இனிஷியல். லைப்ரரிக்காரர்கள் அப்பா பெயரை என் பெயராக எடுத்துக்கொண்டு பதிவு செய்துவிட்டார்கள். என் கிட்டார் இசைக்கெல்லாம் எழுதியவர் என்று, பாவம், ரிட்டயர்டு தாசில்தார் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்ய எட்டு மாதம். எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை, பெயரோடு, எழுதியவரை அடையாளம் காட்டும் ஐபிஐ எண்ணும் சேர்த்துக் கொடுங்கள். எண் இருந்தால் பெயர் குழம்பினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். லைப்ரரி நேரடியாகத் தரும் பணத்துக்கு டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்பார்கள். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டுப் பான் எண்ணோடு நிரப்பினால் ராயல்டியில் 15 சதவீதம் பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 30. கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்று காலண்டர் வருடம்தான் செல்லும், அப்புறம் புதிதாகக் கொடுக்க வேண்டும். பிடித்ததை இங்கே கழித்துக்கொள்ள ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மார்ச் மாதம் போய் நின்றால் அவர் எரிந்து விழுவார்.

மாட்டிக்கொண்ட அந்த ஆல்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதே ரிஃப்பைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு எழுதிக்கொள்ளேன் என்று நண்பன் சொன்னான். செய்யக் கூடாது, அது அவர்கள் சொத்து, வழக்கு வந்தால் வாசித்தவனே நான் என்பது உதவாது. ஆனால் டிரம் செட்டிங், கிட்டார் டோன், மிக்ஸ் டெம்ப்ளேட், எட்டு பார் வரைபடம் எல்லாம் என்னுடையவைதான், அவற்றை யாரும் எழுதி வாங்க முடியாது. இந்தக் கோடைக்கு அதே டெம்ப்ளேட்டில் புதிய டிராக்குகள் போய்க்கொண்டிருக்கின்றன, 136-ல், திருப்பித் தரும் ஷரத்தோடு.